முதுமையில் குடியிருக்கும் வீடு

பாவு ஓட்டத் தொடங்குவதற்கு முன்பே எத்தனை இழை, எத்தனை கெஜம், கரை எவ்வளவு என்று தீர்மானித்து விடுகிறவர் நெசவாளர். அறுவடை நடக்கும்போதே அடுத்த பட்டத்திற்கான விதையைத் தனியே எடுத்து வைப்பவர் விவசாயி. முன்யோசனை என்பதை இவ்விருவருக்கும் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும், எழுபது வயதில் எந்த வீட்டில், எந்த அறையில், யாருடைய உரிமையில் தாங்கள் குடியிருக்கப் போகிறீர்கள் என்று நம் அங்கத்தினர்களைக் கேட்டால், 'பிள்ளைகள் இருக்கிறார்கள், பார்த்துக் கொள்வார்கள்' என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. அது பொய்யான விடையன்று. ஆனால் முழுமையான விடையும் அன்று.

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 10.4 பேர் 60 வயது நிறைந்தவர்கள். 2031இல் அது 18.2 ஆக உயரும் என்று தேசியப் புள்ளியியல் அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. அதாவது ஏறத்தாழ ஐந்தரைப் பேருக்கு ஒருவர் முதியவராக இருப்பார். முன்பு ஒரு குடும்பத்தில் ஐந்தாறு மக்கள் இருந்தனர். பெற்றோர் நெடுநாள் வாழ்வது அரிதாக இருந்தது. இன்று மக்கள் இருவர் அல்லது ஒருவர். அவர்களும் திருப்பூரிலோ சென்னையிலோ கடல் கடந்தோ வேலை பார்க்கின்றனர். பெற்றோரோ எண்பதைத் தாண்டி வாழ்கின்றனர். பாட்டனார் காலத்து ஏற்பாடு பேரன் காலத்திற்கு அப்படியே பொருந்தாமற் போவதில் வியப்பில்லை.

உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு மாதந்தோறும் ஒரு தொகையாவது வந்து கொண்டிருக்கும். நமக்கோ பெரும்பாலும் வீடு ஒன்றே சொத்து; அதுவே தொழிற்கூடம்; அதுவே முதுமைக்குரிய காப்பு. ஆகவே வீட்டைப் பற்றிச் செய்யும் தவறு, மற்றவர்களைக் காட்டிலும் நம்மை அதிகமாகப் பாதிக்கும்.

வீடு உடலுக்கு இசைகிறதா?

முதியோரிற் பெரும்பாலோர் விரும்புவது தாம் வாழ்ந்த வீட்டிலேயே இருப்பதைத்தான். தெரு தெரியும், அண்டை அயலார் தெரியும், கோயிலும் கடையும் சங்கமும் நடந்து செல்லும் தூரத்தில் உள்ளன. இவ்விருப்பம் நியாயமானது. ஆனால் அந்த வீடு நாற்பது வயதுக்காரர் ஒருவர் தம் தொழிலுக்காக அமைத்துக் கொண்ட வீடு என்பதை மறந்து விடுகிறோம்.

நெசவாளர் வீட்டை எடுத்துக் கொள்வோம். முன்கூடத்தின் பெரும்பகுதியைக் குழித்தறி அடைத்துக் கொண்டிருக்கும். அதன் ஓரமாகச் சென்றுதான் உள்ளே போக வேண்டும். பல்லாண்டுகள் மிதியை மிதித்த முழங்கால்கள் தேய்ந்த பின்னர், கண் பார்வையும் மங்கிய பின்னர், இரவில் அந்தத் தறிக்குழியின் ஓரத்தில் நடப்பது எவ்வளவு ஆபத்தானது என்று சொல்ல வேண்டியதில்லை. நெசவை நிறுத்திய பின்னும் குழியை மூட மனம் வருவதில்லை, அது இயல்பே. பலகை போட்டு மூடி வைப்பவர்கள் உண்டு. பலகை உளுத்துப் போகும். ஒரு நாள் காலை வாங்கும். தறியை எடுப்பது என்று முடிவு செய்தால் குழியை நிரப்பித் தளம் போட்டுச் சமப்படுத்தி விடுவதே முறை. இன்னும் சில ஆண்டுகள் நெய்ய எண்ணுகிறவர்கள், தரைக்கு மேல் நிற்கும் சட்டத் தறிக்கு மாறலாமா என்று ஆலோசிக்கலாம். குழிக்குள் இறங்கி ஏறும் வேலை அதில் இல்லை.

அடுத்தது கழிப்பறை. நம் வீடுகளில் அது கொல்லையின் கோடியில் இருப்பது வழக்கம். மழை நாளில், நள்ளிரவில், ஈரமான கல் பாவிய வழியில் எழுபது வயதுக்காரர் அங்கே போய்வர வேண்டும். குந்தி அமரும் பீடத்தில் அமர்ந்து எழ முழங்கால் இடம் கொடாது. படுக்கும் அறைக்கு அருகில், ஏறத்தாழ 18 அங்குல உயரமுள்ள இருக்கையுடன், சுவரில் உறுதியான பிடிகம்பி ஒன்று பதித்து, வழுக்காத தரையுடன் ஒரு கழிப்பறை கட்டிக் கொள்வது, இக்கட்டுரை கூறும் எல்லாவற்றிலும் முதலிற் செய்ய வேண்டியதாகும். அதன் கதவு வெளிப்புறம் திறக்கும்படி அமையட்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின் மேல் சாய்ந்து விட்டால், உட்புறம் திறக்கும் கதவைத் திறந்து அவரைத் தூக்க இயலாது. கொத்தனாரிடம் சொன்னால் செலவில்லாமல் முடிகிற காரியம் இது. கட்டிய பின் மாற்றுவதுதான் செலவு.

வாசற்படியைப் பற்றியும் சில வார்த்தைகள். சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதைக்கு 1க்கு 12 என்ற விகிதம் வேண்டுமென்பர். ஒன்றரை அடி உயரமுள்ள திண்ணை வீட்டிற்கு இவ்விகிதப்படி 18 அடி நீளச் சரிவு தேவை. தெருவோரத்து வீட்டில் இதற்கு இடமேது? ஆகவே ஆறு அங்குல உயரத்திற்கு மிகாத மூன்று படிகளும், ஒவ்வொரு படியும் ஓரடி அகலமும், பக்கத்தில் கைப்பிடியும் இருந்தால் நம் வீடுகளுக்குப் போதும். இரண்டே படியில் ஒன்றரை அடி ஏறுகிற பழைய வாசல்கள்தாம் கெடுதல் செய்கின்றன.

நாட்டு ஓடு வேய்ந்த வீடு வைத்திருப்போர் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஓடு பிரித்து மேய்வது ஆண்டுதோறும் வருகிற வேலை. இதுவரை தாமே ஏறிச் செய்தவர் இனி யாரைக் கொண்டு செய்விப்பார், என்ன கூலி கொடுப்பார்? ஓட்டுவீட்டின் குளிர்ச்சி எவ்வளவு சுகமானதாயினும், பராமரிக்க இயலாத கூரை முதியவருக்குப் பாரமே. வருமானம் இருக்கும் ஐம்பதுகளிலேயே இதற்கொரு முடிவு காண்பது நலம்.

மாடி கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ்ப்பகுதியைக் கடைக்கோ விசைத்தறிக்கோ வாடகைக்கு விட்டுவிட்டுத் தாம் மாடிக்குப் போய்விடும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. வாடகை நல்லதுதான். ஆனால் கீழே ஒரு சிறு பகுதியேனும் தமக்கென வைத்துக் கொள்ளாதவர், ஒருமுறை இடுப்பெலும்பு முறிந்தால் மாடியிலேயே சிறைப்பட்டவராவார்.

தோட்டத்தில் குடியிருக்கும் விவசாயிகளின் நிலை வேறு. தோட்டத்துச் சாளையில் காற்றும் வெளிச்சமும் உண்டு, தூரமும் உண்டு. இரவில் நெஞ்சு வலி கண்டால் வண்டி வந்து சேரும் பாதை இருக்கிறதா, மழையில் அப்பாதை தாங்குமா என்பன முதற் கேள்விகள். கணவன் மனைவி இருவரும் உள்ளவரை சாளை வாழ்க்கை நடக்கும். ஒருவர் போன பின் மற்றவர் அங்கே தனித்திருத்தல் அச்சத்திற்கு இடமானது. ஆதலின் ஊருக்குள் ஒரு சிறு வீட்டை முன்னதாகவே ஏற்படுத்திக் கொள்வது வசதியுள்ளோர்க்கு ஏற்ற வழி. அவ்வாறு செய்ய நிலத்தில் ஒரு பகுதியை விற்க நேரின், விளைச்சல் குறைந்த பகுதியை விற்கலாமே தவிர, கிணறு இருக்கும் பகுதியை விற்றல் ஆகாது.

பிள்ளைகளுடன் வாழ்தல்

மகனுடன் வாழ்தல், மகளுடன் வாழ்தல் இரண்டும் நம் சமூகத்தில் உள்ளவை. முன்னது வழக்கம், பின்னது கூச்சம். அக்கூச்சத்திற்கு இன்று காரணம் இல்லையென்பது இக்கட்டுரையாளனின் அபிப்பிராயம். மகளுக்குச் சொத்தில் சம உரிமை வந்துவிட்ட பிறகு, அவளுடைய வீட்டில் உண்பதை இழிவாகக் கருதுவது பொருத்தமன்று.

இரண்டு மூன்று மக்கள் உள்ள வீடுகளில் மாதத்திற்கு ஒருவர் வீடு என்று பெற்றோரைச் சுற்றி அனுப்பும் ஏற்பாடு பல ஊர்களில் காணப்படுகிறது. சில இடங்களில் தந்தை ஒரு மகனிடமும் தாய் மற்றொரு மகனிடமுமாகப் பிரிக்கப்படுகின்றனர். பங்கிடுவதில் நியாயமாகத் தோன்றினும் இது முதியோருக்குச் செய்யப்படும் பெருங்கொடுமை. நாற்பது ஆண்டுகள் ஒன்றாகப் பாவு ஓட்டித் தார் சுற்றியவர்களைச் சொத்தைப்போலப் பாகம் பிரிப்பது எவ்வகையிலும் ஏற்கத் தக்கதன்று. மேலும், மாதந்தோறும் வீடு மாறுகிறவருக்கு எந்த வீட்டிலும் தமக்கென்று ஒரு கட்டிலோ, பழகிய மருத்துவரோ இருப்பதில்லை. உணவுச் செலவை மக்கள் பங்கிட்டுக் கொள்ளட்டும். பெற்றோர் ஓரிடத்திலேயே இருக்கட்டும். சொந்த வீடு அவர்கள் பெயரில் இருக்கும் வரைதான் இதை வலியுறுத்த முடியும் என்பது அனுபவ உண்மை. இங்கேதான் பத்திரத்தைப் பற்றிய பேச்சு வருகிறது.

எழுதி வைத்தலும் எழுதிக் கொடுத்தலும்

நம் அங்கத்தினர்கள் மிகவும் குழம்பும் விஷயம் இதுவாகையால் சற்று விரிவாகக் கூறுவோம். உயில் என்பது எழுதி வைத்தல். செட்டில்மெண்ட் என்பது எழுதிக் கொடுத்தல். உயில் எழுதியவர் இறந்த பின்னரே அது செல்லுபடியாகும். அதுவரை சொத்து அவருடையது. நினைத்தபோது உயிலை மாற்றலாம், ரத்துச் செய்யலாம். இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். முத்திரைத் தீர்வை இல்லை. பதிவு செய்தல் கட்டாயமன்று. எனினும் பிற்காலத் தகராறுகளைத் தவிர்க்கச் சார்பதிவாளரிடம் பதிந்து கொள்வது நலம். தான செட்டில்மெண்ட் அப்படியன்று. பதிவாகி, பெறுகிறவர் ஏற்றுக் கொண்டதும், சொத்து அன்றே கை மாறி விடுகிறது. கொடுத்தவர் தம் மனம் மாறியதென்று தாமாகவே அதை ரத்துச் செய்ய இயலாது.

பிள்ளைக்கு வங்கிக் கடன் கிடைக்க வேண்டும், பட்டா மாற வேண்டும், பிற்காலத்தில் தகராறு வரக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்து விட்டு, மறு ஆண்டே சொந்த வீட்டில் விருந்தினராகவும், அதற்கடுத்த ஆண்டு வேண்டாத விருந்தினராகவும் ஆனவர்கள் பலர். இவர்களைக் காக்கும் பொருட்டே பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. அதன் 23ஆம் பிரிவின்படி, 60 வயது நிறைந்த ஒருவர், தமக்குரிய அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குட்பட்டுச் சொத்தை எழுதிக் கொடுத்து, பெற்றவர் அவ்வாறு செய்யத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியால் அல்லது வற்புறுத்தலால் பெறப்பட்டதாகக் கருதப்பட்டு, கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயத்தால் செல்லாததென அறிவிக்கப்படலாம். தீர்ப்பாயம் கோட்ட அளவில் உள்ளது, வருவாய்க் கோட்டாட்சியரிடமே மனுக் கொடுக்கலாம், வழக்கறிஞர் வேண்டுவதில்லை. அவர் ஆணையில் திருப்தியில்லாத மூத்த குடிமக்கள் 60 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

'நிபந்தனைக்குட்பட்டு' என்ற சொல்லில்தான் வழக்குகள் எல்லாம் சுற்றுகின்றன. பராமரிப்பு நிபந்தனை இருந்தது என்று காட்டப்படாவிடில் 23ஆம் பிரிவு உதவாது என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் மற்றொரு அமர்வு, இச்சட்டம் முதியோரின் நலனுக்கென இயற்றப்பட்டதாகையால் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி, ஒரு தாயின் தானப் பத்திரம் ரத்துச் செய்யப்பட்டதை நிலைநிறுத்தியது. அவ்வழக்கில் மகன் தாயைக் காப்பதாகத் தனியே எழுதிக் கொடுத்த ஓர் உறுதிச் சீட்டு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில், அன்பின் காரணமாக எழுதப்பட்ட பத்திரத்தில் பராமரிக்கும் கடமையும் உள்ளடங்கியிருக்கிறது என்ற கருத்தை வெளியிட்டது. இவை ஆறுதல் அளிப்பவையே. ஆனால் நீதிபதி எவ்வாறு பொருள் கொள்வார் என்று எண்பது வயதில் காத்திருப்பதைவிட, அறுபது வயதில் பத்திரத்தில் ஒரு வாக்கியம் சேர்த்து எழுதச் சொல்வது எளிது. 'எங்கள் இருவரையும் ஆயுட்காலம் வரை உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றுடன் பராமரித்து வர வேண்டும்; தவறினால் இப்பத்திரம் ரத்தாகத் தக்கது' என்ற பொருள்பட அது இருத்தல் வேண்டும். பத்திர எழுத்தர் 'இதெல்லாம் வழக்கமில்லை' என்று சொல்லக்கூடும். வழக்கமில்லாததனால்தான் இத்தனை வழக்குகள்.

மற்றொரு காப்பும் உண்டு. சொத்தைக் கொடுத்துவிட்டு, அதில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை மட்டும் ஆயுட்காலம் வரை தமக்கென நிறுத்திக் கொள்ளலாம். இவ்வாறு அனுபவத்தை வைத்துக் கொண்டு செய்யும் தானமும் செல்லும் என 2014இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. இவ்வுரிமையை எழுதும்போது கணவர் பெயரை மட்டும் எழுதினால் போதாது. 'நானும் என் மனைவியும், எங்களில் பின்னர் உயிருடன் இருப்பவரும்' என்று எழுத வேண்டும். வீட்டில் எந்தப் பகுதி என்பதும், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வாசல்வழி ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமையும் குறிப்பிடப்படட்டும். நிலத்தைப் பாகம் செய்யும் விவசாயிகள் தம் சாளைக்கென மாமூல் தட வழிப் பாத்தியத்தையும், கிணற்றில் நீர் எடுக்கும் பாத்தியத்தையும் நிறுத்திக் கொள்ளாமல் கையொப்பமிடலாகாது. வழியில்லாத சாளையும் தண்ணீரில்லாத சாளையும் இருந்தென்ன பயன்?

நம் கருத்தை வெளிப்படையாகச் சொல்வதானால், மிக நெருங்கிய காரணம் இல்லாத வரை குடியிருக்கும் வீட்டைச் செட்டில்மெண்ட் செய்யாதிருப்பதே நலம். நிலத்தைக் கொடுங்கள், தறியைக் கொடுங்கள், வேறு மனை இருந்தால் அதையும் கொடுங்கள். தலைக்கு மேலுள்ள கூரையை உயிலால் மட்டும் கொடுங்கள்.

மனைவியின் நிலை

இவ்வளவும் பேசுகையில் ஒன்றை மறந்து விடுகிறோம். பெரும்பாலான குடும்பங்களில் மனைவி கணவரைவிட இளையவர். பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கின்றனர். எனவே முதுமைக் காலத்து வீட்டைப் பற்றிய திட்டம் என்பது உண்மையில், கணவர் காலமான பிறகு மனைவி பத்து அல்லது பதினைந்து ஆண்டுகள் எங்கே வாழ்வார் என்ற திட்டமேயாகும்.

கணவர் உயில் எழுதாமல் காலமானால் என்ன நேரும்? இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி அவருடைய சொந்தச் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், உயிருடன் இருந்தால் தாயார் ஆகியோருக்குச் சம பங்காகச் சேரும். இரண்டு மகன்களும் ஒரு மகளும் உள்ள வீட்டில் மனைவிக்கு நான்கில் ஒரு பங்கு. மாமியாரும் இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு. தாம் சாணம் மெழுகி, தார் சுற்றி, சீட்டுப் பணம் கட்டி உருவாக்கிய வீட்டில் அவருக்குள்ளது கால் வீடுதான். பங்காளிகளில் எவரும் பாகம் கேட்கலாம். சிறிய வீட்டைச் சுவர் எழுப்பிப் பிரிக்க முடியாதாகையால், விற்றுப் பணத்தைப் பிரிப்பதில் அது முடியும். கால் வீட்டுப் பணத்தில் வேறெங்கும் முழு வீடு கிடைக்காது. பிள்ளைகள் கெட்டவர்களாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஒருவர் கடன்பட்டவராக இருந்தால் போதும். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்கு விகிதங்கள் வேறு. முஸ்லிம் அன்பர்கள் பொதுவாகச் சொத்தில் மூன்றில் ஒரு பகுதிக்கு மேல் உயில் எழுத இயலாது. அவரவர் சட்டத்தை அறிந்தவரைக் கேட்டுச் செயற்படுக.

இதற்குப் பரிகாரம் அரைத்தாளில் அடங்குவது. 'என் காலத்திற்குப் பின் வீடு என் மனைவிக்கே. அவர் காலத்திற்குப் பின் மக்களுக்குச் சமமாக' என்றோ, வீட்டை முழு உரிமையுடன் மனைவிக்கே என்றோ உயில் எழுதி வைக்கலாம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. முதலாவதில் மனைவி குடியிருக்கலாம், விற்க முடியாது; இரண்டாவதில் பெரு நோய் வந்தால் விற்றோ அடமானம் வைத்தோ செலவிடலாம். மனைவியின் விவேகத்தில் நம்பிக்கையுள்ளவர்கள் இரண்டாவதையே தேர்வது நல்லதென நினைக்கிறோம். நாற்பது ஆண்டுகள் வீட்டு வரவு செலவைப் பார்த்தவருக்கு அந்த நம்பிக்கையை மறுப்பது விந்தை. புதிதாக மனை வாங்குவோர் தொடக்கத்திலேயே இருவர் பெயரிலும் பத்திரம் எழுதிக் கொண்டால் பாதி வேலை அன்றே முடிந்தது.

இங்கே எச்சரிக்கை ஒன்று. உயில் எழுதுவது தம் சொந்தச் சொத்துக்கும், பிதிரார்ஜிதச் சொத்தில் தம் பங்குக்கும் மட்டுமே செல்லும். பிதிரார்ஜித வீடாயின் மகன்களுக்கு மட்டுமன்றி மகள்களுக்கும் பிறப்பால் பங்குண்டு. தமிழ்நாடு 1989இலேயே இதற்குச் சட்டத் திருத்தம் செய்தது. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. தந்தை அன்று உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மகளின் கையொப்பமின்றிச் செய்யும் பாகம் பின்னர் நிற்காது.

பிணைக் கையொப்பம்

மகனுடைய தொழிலுக்காக வீட்டை ஈடு வைத்தல் பற்றிக் கூறாமல் இப்பகுதியை முடிக்க இயலாது. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடன் தவறினால் வழக்குத் தொடராமலே வங்கி ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடலாம். விவசாய நிலத்திற்கு அச்சட்டம் பொருந்தாது; வீட்டிற்குப் பொருந்தும். கூட்டுறவு வங்கிகளும் அதைப் பயன்படுத்தலாமென 2020இல் தீர்ப்பாகியுள்ளது. பிணை நிற்பவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. விசைத்தறி வாங்கத் தகப்பனார் வீட்டை ஈடு வைக்கும்போது, மகனின் தொழிலோடு தாயின் படுக்கையும் ஈட்டில் போகிறதென்பதை உணர்ந்து கையொப்பமிட வேண்டும். மகன் கேட்கும்போது மறுப்பது கடினம் என்பது தெரியும். தறியையும் இயந்திரத்தையும் ஈடாக ஏற்கும் கடன் உண்டா என்று முதலில் சங்கத்தில் விசாரிப்பது மறுப்பாகாது.

இல்லங்களும் பிறவும்

மக்கள் இல்லாதவர்களும், மக்கள் தொலைவில் உள்ளவர்களும் முதியோர் இல்லங்களை நாடுகின்றனர். இதை அவமானமாகக் கருத வேண்டியதில்லை. ஆதரவற்றோருக்காக மாவட்டத்திற்கு ஒன்றேனும் அமைக்கலாம் என 2007ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு வழி காட்டியுள்ளது. கட்டணம் பெறும் குடியிருப்புகள் கோயம்புத்தூரைச் சுற்றிப் பல எழுந்துள்ளன. அவை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதவை. எட்டுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில. கொடுக்கும் பெருந்தொகைக்கு வீடு நம் பெயரில் பதிவாகிறதா, அல்லது குடியிருக்கும் உரிமை மட்டுமா? ஒருவர் இறந்தால் மற்றவர் தொடரலாமா? வைப்புத் தொகை எத்தனை நாளில், எவ்வளவு கழித்துத் திரும்பும்? மாதக் கட்டணத்தை உயர்த்துவது யார் விருப்பம்? எல்லாவற்றிலும் முக்கியமாக, படுக்கையில் விழுந்த பின்னும் வைத்துப் பார்ப்பார்களா, அல்லது அப்போது அழைத்துப் போகச் சொல்வார்களா? பல இல்லங்கள் நடமாடுகிறவர்களை மட்டுமே ஏற்கின்றன.

வீட்டை வங்கியிடம் ஈடு வைத்து, மாதந்தோறும் பணம் பெற்றுக்கொண்டு, ஆயுள் உள்ளவரை அதிலேயே குடியிருக்கும் மறுதலை அடமானத் திட்டம் 2007இல் அறிமுகமானது. 60 வயது நிறைந்தவரின் சொந்தச் சம்பாத்திய வீட்டுக்கு அது உரியது. எண்ணம் நல்லது, நாட்டில் பரவவில்லை. தெளிவான பத்திரமுள்ள நகரத்து வீட்டுக்காரர், மக்கள் இல்லாதவராயின், வங்கியில் விசாரித்துப் பார்க்கலாம்.

பணத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மாநில அரசின் முதியோர் உதவித் தொகை 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதைக் கொண்டு வாடகை வீட்டில் வாழ முடியாது. சொந்தக் கூரையைக் காத்துக் கொள்ள வேண்டிய அவசியத்தை இதுவே சொல்கிறது. கைத்தறிச் சங்க அங்கத்தினர்களுக்கு 1975இல் தொடங்கப்பட்ட சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் உள்ளது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு அங்கத்தினர் செலுத்த, 4 காசு அரசு சேர்க்கும் ஏற்பாடு அது. அத்தொகை கைக்கு வரும்போது பேத்தியின் சீருக்கு முழுவதையும் கொடுத்து விடாமல், முன்னர்ச் சொன்ன கழிப்பறைக்கும் கைப்பிடிக்கும் ஒரு பகுதியை ஒதுக்குவது தக்கது. சீர் செய்வதில் தாராளமும், தமக்குச் செய்து கொள்வதில் கஞ்சத்தனமும் நம்மவரிடம் ஊறிய குணங்கள்.

இவற்றையெல்லாம் எப்போது பேசுவது? கணவன் மனைவி இருவரும் நடமாடுகையில், எவரும் மருத்துவமனையில் இல்லாத ஒரு நாளில். மக்கள் அனைவரும், மகள்களும் மருமக்களும் உட்பட, பொங்கலுக்கு வந்திருக்கும்போது பேசலாம். ஒருவரை மட்டும் தனியே அழைத்துச் சொல்வதுதான் பிற்காலத்துச் சந்தேகங்களுக்கு வித்து. மருமகளும் அவ்வீட்டில் வாழ்கிறவர். அவருக்கும் குடியிருக்கும் உரிமை உண்டெனவும், முதியோர் சட்டத்தைக் கொண்டு அவரை எளிதில் வெளியேற்றிவிட முடியாதெனவும் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அவரைப் புறக்கணித்துச் செய்யும் ஏற்பாடு ஓராண்டும் நிலைக்காது.

பேசுவதற்கு முன் மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, சங்கத்துப் பங்குச் சான்று, கடன் பாக்கி விவரம் ஆகியவற்றை ஒரே உறையில் சேர்க்க வேண்டும். பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிய வருகிறது. அதை மாற்றச் சில மாதங்கள் ஆகும். சங்கத்தில் உள்ள பங்குக்கும் சேமிப்புக்கும் நியமனம் செய்த பெயர் யாருடையது என்பதையும் பார்த்துக் கொள்ளுக. காலஞ்சென்ற தாயார் பெயர் அதில் இருந்து வருவது அபூர்வமன்று. அவசரத்திற்கு, 14567 என்ற எண்ணில் முதியோர் உதவி மையத்தை அழைக்கலாம். பத்திரங்களின் நகல் ஒன்று மகளிடமும், மற்றொன்று நம்பிக்கையான அயலாரிடமும் இருக்கட்டும். அசல் எங்கே இருக்கிறதென்பது மனைவிக்குத் தெரிந்திருக்கட்டும்.